ஆதகூர் முதல் கண்ணம்பாடி வரை: மண்டியா மாவட்ட வரலாறும் தமிழ்ச் சான்றுகளும்

முன்னுரை

கர்நாடக மாநிலத்தின் தென்பகுதியில் காவிரியின் இருமருங்கும் பரவியுள்ள மண்டியா மாவட்டம், 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டதாகும். கன்னடம் பேசுவோர் மிகப் பெரும்பான்மையராக வாழும் மாவட்டங்களுள் இது குறிப்பிடத்தக்கது. தமிழறிஞர் பலருக்கு இம்மாவட்டம் காவிரி நீர்ப் பங்கீடு பற்றிய செய்திகளின் வழியாகவே அறிமுகமாகியுள்ளது. ஆயின் தக்கோலப் போர், கங்கபாடியில் சோழர் ஆட்சி, இராமானுசரின் மேல்நாட்டு வாழ்க்கை, பாரதியாரின் இதழியல் பணி எனத் தமிழக வரலாற்றில் இடம்பெறும் செய்திகள் பலவற்றுக்கு இம்மாவட்டத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. அத்தொடர்பை முழுமையாக உணர்த்தும் சான்றுகள் பெரும்பாலும் கன்னடத்தில் உள்ளன. மறுதலையாக, இப்பகுதியை ஆண்ட அரசர்களைப் பற்றிய சான்றுகள் சில தமிழில் உள்ளன. ஒருமொழிச் சான்றுகளை மட்டும் கொண்டு இவ்வரலாற்றை எழுதப் புகின் பிழை நேரும் என்பதை மண்டியா மாவட்டத்தின் நிலம், மக்கள், வரலாறு ஆகியவற்றின் வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வாளர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றை இங்கே சுட்டுதல் வேண்டும். லூயிஸ் ரைஸ் 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளை வெளியிட்ட காலத்தில் மண்டியா என்றொரு மாவட்டம் இல்லை. எனவே இம்மாவட்டக் கல்வெட்டுகள் மைசூர் மாவட்டத்திற்குரிய மூன்றாம், நான்காம் தொகுதிகளில் வட்ட வாரியாக இடம்பெற்றுள்ளன. மைசூர்ப் பல்கலைக்கழகம் பின்னர் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் ஆறாம், ஏழாம் தொகுதிகளில் இவை தொகுக்கப்பட்டுள்ளன. பழைய தொகுதிகளில் மாவட்டப் பெயரைக் கொண்டு தேடுவோர்க்கு இக்கல்வெட்டுகள் கிட்டா என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நில அமைப்பும் நீர்வளமும்

மண்டியா மாவட்டத்தின் பரப்பு 4,961 சதுர கிலோமீட்டர் ஆகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 18,05,769 பேர். அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேற்பட்டோர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். மண்டியா, மத்தூர், மளவள்ளி, ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், நாகமங்கலம், கிருஷ்ணராஜபேட்டை என்னும் ஏழு வட்டங்களைக் கொண்டது இம்மாவட்டம். வடமேற்கில் ஹாசன் மாவட்டமும், வடகிழக்கில் துமகூரு மாவட்டமும், தென்மேற்கில் மைசூரு மாவட்டமும், தென்கிழக்கில் சாமராஜநகர் மாவட்டமும் இதனைச் சூழ்ந்துள்ளன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால் இங்கு ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெய்கிறது. செம்மண் நிலமே மிகுதி. எனவே இம்மாவட்டத்தின் வளம் வானத்தை நோக்கியதன்று. ஆற்றையும் ஏரியையும் நோக்கியது. காவிரியும், அதனோடு கலக்கும் ஹேமாவதி, லோகபாவனி, சிம்ஷா ஆகிய ஆறுகளும் இப்பகுதியின் நீர்வளத்துக்கு அடிப்படையாகும். மேலுகோட்டை, கரிகட்டம், குந்திபெட்டம், ஆதிசுஞ்சனகிரி முதலான பாறைக் குன்றுகள் ஆங்காங்கே எழுந்துள்ளன. மளவள்ளி வட்டத்தின் தென்னெல்லையில் காவிரி இரு கிளையாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி எனும் அருவிகளாக வீழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீவே சிவனசமுத்திரம். ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம், திருவரங்கம் ஆகிய மூன்று ஆற்றிடைக்குறைகளிலும் பள்ளிகொண்ட பெருமாள் கோயில்கள் உள்ளன. இவற்றை முறையே ஆதியரங்கம், மத்தியரங்கம், அந்த்யரங்கம் என வழங்கும் மரபு, ஆட்சி எல்லைகளைக் கடந்து காவிரியை ஒரே ஆறாகக் கண்ட மனநிலையைப் புலப்படுத்துகிறது.

நீர்வளம் மாவட்டம் முழுதும் ஒருதன்மைத்தாய் அமையவில்லை. தெற்கிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம், மண்டியா, மத்தூர் வட்டங்களில் கால்வாய்ப் பாசனத்தால் நெல்லும் கரும்பும் விளைகின்றன. வடக்கிலுள்ள நாகமங்கல வட்டம் நெடுங்காலமாக ஏரியையும் மழையையும் நம்பிக் கேழ்வரகு விளைத்து வந்தது. இவ்வேறுபாடு இம்மாவட்ட மக்களின் வாழ்வையும் குடிப்பெயர்வையும் அறிவதற்குத் திறவுகோலாகும்.

ஊர்ப்பெயர்களும் மக்களும்

இம்மாவட்டத்தின் ஊர்ப்பெயர் ஈறுகளுள் 'ஹள்ளி', 'கெரெ', 'கட்டெ', 'ஊரு' என்பன மிகுதியாகக் காணப்படுகின்றன. தமிழில் 'பள்ளி' என வழங்குவதே கன்னடத்தில் மொழிமுதல் பகரம் ஹகரமாகத் திரிந்த நிலையில் 'ஹள்ளி' ஆயிற்று. ஏரியைக் குறிக்கும் 'கெரெ' என்னும் சொல்லின் பழைய வடிவம் 'கெறெ' ஆகும். நீரைத் தடுத்து நிறுத்தும் அணையைக் குறிக்கும் தமிழ்ச் 'சிறை' இதனோடு இனமுடையது. முன்னுயிரின் முன் ககரம் தமிழில் சகரமாக, கன்னடம் பழைய ககரத்தையே காத்துக்கொண்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகில் காவிரியின் குறுக்கே அணைகள் அமைந்த இடங்கள் 'பலமுரி', 'எடமுரி' என வழங்குகின்றன. இவற்றுள் 'பல' என்பது தமிழின் வலத்தையும், 'எட' என்பது இடத்தையும் குறிக்கும். ஆறு வலமாக முரிந்து திரும்பும் இடம் பலமுரி. தமிழ் அறிந்தார்க்கு இப்பெயர்கள் விளக்கம் வேண்டாதன.

மக்களுள் உழவுத்தொழிலை முதன்மையாகக் கொண்ட ஒக்கலிகர் பெருந்தொகையினர். 'ஒக்கலு' என்னும் கன்னடச் சொல் குடித்தனத்தையும் உழுகுடியையும் குறிக்கும். சுற்றத்தார் என்னும் பொருளில் சங்க இலக்கியத்தில் பயிலும் 'ஒக்கல்' என்னும் சொல் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஒக்கலிகருள் ஒரு பெரும்பிரிவினர் 'கங்கடிகாரர்' எனப்படுவர். 'கங்கவாடிகாரர்' என்பதன் மரூஉவே இப்பெயர் என்பர். கங்கவாடி-96000 என்று கல்வெட்டுகளில் குறிக்கப்பெறும் நாட்டின் பெயர், அந்நாட்டை ஆண்ட அரசமரபு மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நிலத்தை உழும் குடியின் பெயரில் வாழ்கிறது. தமிழகத்தின் தேனி, கோவை முதலான பகுதிகளிலும் ஒக்கலிகர் குடியேறி வாழ்ந்து வருகின்றனர்.

சமணம், சைவம், வைணவம் ஆகிய மூன்றும் இங்கு வேரூன்றிய சமயங்களாகும். நாகமங்கல வட்டத்துக் கம்படஹள்ளியில் கங்கர் காலச் சமணப் பசதி உள்ளது. ஆதிசுஞ்சனகிரி மடம் ஒக்கலிகர்க்குரிய சமயத் தலைமையிடமாக விளங்குகிறது. மேலுகோட்டை வைணவத் திருப்பதியாகத் திகழ்கிறது.

ஆதகூர்க் கல்வெட்டும் தக்கோலப் போரும்

மத்தூர் வட்டத்திலுள்ள ஆதகூர் ஒரு சிற்றூராகும். அவ்வூர்ச் சல்லேசுவரர் கோயிலருகில் கிடைத்து, பின்னர்ப் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட கன்னடக் கல்வெட்டு சக ஆண்டு 872ஐச் (பொ.ஆ. 949-50) சார்ந்தது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனையும், அவனுக்குத் துணைநின்ற கங்க அரசன் இரண்டாம் பூதுகனையும் இது குறிப்பிடுகிறது.

கல்வெட்டின் முதன்மைச் செய்தி ஒரு நாயைப் பற்றியது. தக்கோலப் போரில் காட்டிய வீரத்துக்காக மணலேரன் என்னும் வீரனிடம், வேண்டுவதைக் கேட்குமாறு கிருஷ்ணன் கூற, அவன் 'காளி' என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாயை ஒரு பெரிய பன்றியோடு பொரவிட்டபோது இரண்டும் ஒருங்கே மடிந்தன. நாயின் நினைவாக ஆதகூரில் கல் நாட்டப்பட்டது. அதற்கு நிலமும் விடப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில், மகேந்திரவர்மன் காலத்தில் தலைவனோடு நின்று காவல் புரிந்த 'கோவிவன்' என்னும் நாய் நினைக்கப்பெற்றிருப்பதைத் தமிழறிஞர் அறிவர். நாய்க்கும் நடுகல் எடுத்த பண்பாடு இருமொழி நிலத்துக்கும் பொதுவானதென்பதற்கு இவ்விரண்டு கற்களும் சான்றாகும்.

தமிழக வரலாற்றுக்கு இக்கல்லின் சிறப்பு வேறு வகையது. முதற் பராந்தகனின் மைந்தனான இராஜாதித்தன் தக்கோலத்தில் வீழ்ந்ததை, நிகழ்ச்சி நடந்த அணிமைக் காலத்திலேயே இது பதிவு செய்துள்ளது. இராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்றும், அதற்குப் பரிசாக வனவாசி-12000 முதலான நாடுகளைக் கிருஷ்ணன் அவனுக்கு வழங்கினான் என்றும் இதனால் அறியலாகிறது. சோழர் தரப்புச் சான்றான ஆனைமங்கலச் செப்பேடு, இராஜாதித்தன் யானைமீது இருந்தபடியே கிருஷ்ணனின் அம்புகளால் மார்பு பிளந்து வீரசுவர்க்கம் அடைந்ததாகக் கூறும். பகைவேந்தன் கையால் மடிந்தான் என்று கூறுவது சோழர் மரபுக்கு ஏற்புடையதாயிற்று. கொன்றவன் துணையரசனே என்பதைக் கன்னடக் கல்வெட்டு வெளிப்படுத்துகிறது.

இக்கல்வெட்டைப் படித்த முறையிலும் ஒரு வரலாறு உண்டு. இதனை முதலில் பதிப்பித்த ஃபிளீட், பூதுகன் இராஜாதித்தனை வஞ்சகமாகக் கொன்றதாகப் பொருள் கொண்டார். தமிழக வரலாற்று நூல்கள் சிலவற்றிலும் அக்கருத்து இடம்பெற்றது. பின்னர் அத்தொடரிலுள்ள 'பிசுகெ' என்னும் சொல்லுக்கு யானைமேல் அமைக்கும் அம்பாரி என்னும் பொருள் தெளிவாயிற்று. அம்பாரியையே போர்க்களமாகக் கொண்டு குறுவாளாற் குத்திக் கொன்றான் என்பதே சரியான பொருளென ஃபிளீட்டே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இத்தொடரில் போர்க்களத்தைக் குறிக்கும் 'களன்' என்னும் சொல் தமிழிலும் அதே பொருளில் வழங்குவதாகும். திருத்திய பொருள் ஆனைமங்கலச் செப்பேட்டோடும் இயைகிறது. யானைமீது இருந்தபடியே இராஜாதித்தன் மடிந்தான் என்பதில் இருதரப்புச் சான்றுகளும் ஒன்றுபடுகின்றன. ஒரு தொடரைப் பிழைபடக் கொண்டமையால் ஓர் அரசன் வஞ்சகன் எனப் பழிக்கப்பட்டதும், சொல்லாராய்ச்சியால் அப்பழி நீங்கியதும் கல்வெட்டாய்வில் மொழியறிவின் இன்றியமையாமையை உணர்த்துகின்றன.

சோழர் ஆட்சிச் சான்றுகள்

தக்கோலத்துக்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்து நிலை மாறியது. முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி ஆகியவற்றை அவன் கொண்ட நாடுகளாகக் குறிக்கிறது. காவிரிக்கரைத் தலைக்காடு 'இராஜராஜபுரம்' எனவும், கங்க நாடு 'முடிகொண்ட சோழமண்டலம்' எனவும் பெயர் பெற்றன. தலைக்காடு இன்று மைசூரு மாவட்டத்தைச் சார்ந்ததாயினும், அதன் ஆட்சிப்பரப்பு மண்டியா மாவட்டப் பகுதிகளையும் உட்கொண்டிருந்தது.

இவ்வாட்சியின் தன்மையைக் காட்டும் சிறந்த சான்று பலமுரி அகத்தியேசுவரர் கோயிற் கல்வெட்டு. சக ஆண்டு 934ஐச் (பொ.ஆ. 1012) சார்ந்த இது கன்னட மொழியில் அமைந்துள்ளது. இராஜராஜனின் திருவடித் தாமரையில் மொய்க்கும் வண்டெனத் தன்னைக் கூறிக்கொள்ளும் பஞ்சவன் மாராயன் என்பவன், வேங்கி மண்டலத்துக்கும் கங்க மண்டலத்துக்கும் மகாதண்டநாயகனாக இதில் குறிக்கப்படுகிறான். துளுவம், கொங்கணம், மலைநாடு ஆகியவற்றில் அவன் பெற்ற வெற்றிகளும் கூறப்படுகின்றன. இப்பஞ்சவன் மாராயனை முதலாம் இராஜேந்திரனாகவே கொள்வாரும் உளர். சோழரின் மேலைப் படையெடுப்பைப் பற்றிய இத்தகைய செறிவான குறிப்பு, காவிரியின் மேற்பகுதியில் ஒரு கன்னடக் கல்வெட்டில் கிடைப்பது எண்ணத்தக்கது. வென்ற நாட்டில் தம் மொழியை மட்டுமே வழங்காமல், அந்நாட்டு மொழியிலும் அரசாணைகளைப் பொறித்த சோழர் ஆட்சிமுறையும் இதனால் புலனாகிறது.

சோழர் ஆட்சி இங்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 1116ஆம் ஆண்டளவில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தண்டநாயகனான கங்கராஜன், சோழரின் கீழ்த் தலைக்காட்டைக் காத்துநின்ற அதியமானை வென்று அந்நகரைக் கைப்பற்றினான். இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கும் கல்வெட்டு இம்மாவட்டத்துத் திப்பூரில் உள்ளது. 'தலைக்காடு கொண்ட' என்னும் விருதுப்பெயரை விஷ்ணுவர்தனன் சூடிக்கொண்டான். தகடூர் அதியமான் மரபின் பிற்கால வரலாற்றை ஆராய்வோர் சமணக் கொடை ஒன்றைக் கூறும் இக்கன்னடக் கல்வெட்டை விடுத்துச் செல்லவியலாது.

தொண்டனூரும் மேலுகோட்டையும்

பாண்டவபுர வட்டத்திலுள்ள தொண்ணூர், கல்வெட்டுகளில் 'தொண்டனூர்' எனவும் 'யாதவநாராயணச் சதுர்வேதிமங்கலம்' எனவும் வழங்கப்பெறுகிறது. குன்றுகளை இணைத்துக் கட்டிய கரையால் உருவான பேரேரி இவ்வூரின் சிறப்பாகும். நம்பிநாராயணர் கோயில் முதலான இவ்வூர்க் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. ஹொய்சளர் ஆட்சியில், கன்னட நாட்டின் நடுவில், தமிழ் வைணவர் வாழ்ந்த பிரமதேய ஊர் ஒன்று தன் கொடைச் செய்திகளைத் தமிழிலேயே பொறித்துவந்தது என்பது இவற்றால் தெளிவாகிறது.

குருபரம்பரை நூல்கள் இராமானுசர் சோழநாட்டை விட்டு நீங்கித் தொண்டனூரிலும் மேலுகோட்டையிலும் பன்னீராண்டு தங்கினார் என்றும், விட்டிதேவன் என்னும் ஹொய்சள மன்னனை வைணவனாக்கி விஷ்ணுவர்தனன் எனப் பெயரிட்டார் என்றும் கூறும். கல்வெட்டுகள் காட்டும் நிலை சற்று வேறானது. விஷ்ணுவர்தனன் ஆட்சிக்காலம் முழுவதும் சமணப் பள்ளிகளுக்குக் கொடைகள் வழங்கப்பட்டன. அவன் தேவி சாந்தலையும் தண்டநாயகன் கங்கராஜனும் சமணர்களாகவே இருந்தனர். எனவே குருபரம்பரைச் செய்தியை அரசியல் வரலாறாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. எனினும் தொண்டனூர்த் தமிழ்க் கல்வெட்டுகளும் மேலுகோட்டை வழிபாட்டு மரபும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமிழ் வைணவம் இங்கு வேர்கொண்டதை உறுதிப்படுத்துகின்றன.

வைணவ மரபில் 'திருநாராயணபுரம்' என வழங்கும் மேலுகோட்டையில் இன்றும் திவ்வியப்பிரபந்தம் ஓதப்பெறுகிறது. பங்குனித் திங்களில் நிகழும் வைரமுடி விழாவுக்குப் பல்லாயிரவர் திரள்கின்றனர். தாழ்த்தப்பட்ட மக்களைத் 'திருக்குலத்தார்' எனப் பெயரிட்டு இராமானுசர் இக்கோயிலுள் புகவிட்டார் என்னும் செய்தியும் வாழையடி வாழையாக வழங்கிவருகிறது.

தமிழ் மூலங்கள் ஹொய்சள வரலாற்றுக்குப் பயன்படும் முறைக்கு இரண்டாம் நரசிம்மனின் காலம் தக்க சான்றாகும். மண்டியா வட்டத்துப் பசராளு மல்லிகார்ச்சுனர் கோயிலை 1234இல் ஹரிஹர தண்டநாயகன் எடுப்பித்தபோது ஆட்சி செய்தவன் இம்மன்னன். 'சோழராஜ்ய பிரதிஷ்டாசாரியன்' என்பது அவன் விருது. இவ்விருதின் பின்னுள்ள நிகழ்ச்சிகளை விரிவாகக் கூறுவது கன்னடக் கல்வெட்டன்று. கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரத்துத் தமிழ்க் கல்வெட்டாகும். கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும், நரசிம்மன் அனுப்பிய அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தண்டநாயகர்கள் படைநடத்திச் சோழனை மீட்டதும் அதில் நிரல்பட உரைக்கப்படுகின்றன. சோழ இளவரசனின் இறுதியை ஆதகூர் கூறுகிறது. ஹொய்சள மன்னனின் வெற்றியைத் திருவயிந்திரபுரம் கூறுகிறது. ஒரு நாட்டின் வரலாற்றுக்குரிய சான்று மற்றொரு நாட்டின் மொழியில் கிடைப்பதற்கு இவ்விரண்டும் எதிரெதிர் நின்று சான்று பகர்கின்றன.

மண்டயம் மரபினர்

மண்டியா ஊர் விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கோவிந்தராஜர் என்னும் வைணவ ஆசாரியருக்கு அக்கிரகாரமாக வழங்கப்பட்டது. இவ்வூரையும் மேலுகோட்டையையும் சார்ந்து வாழ்ந்த தமிழ் வைணவர் 'மண்டயம்' மரபினர் எனப்படுகின்றனர். கன்னடம் ஊர்மொழியாகவும் கல்விமொழியாகவும் அமைய, வீட்டில் இவர்கள் பேசும் தமிழ் தனியொரு வழக்காக வளர்ந்தது. கன்னடச் சொற்களை மிகுதியாக ஏற்றுக்கொண்ட இவ்வழக்கு, தமிழ்க் கிளைமொழி ஆய்வில் இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியதாகும்.

பாரதியாரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இப்பெயர் புதிதன்று. 1906இல் சென்னையில் தொடங்கிப் பின்னர்ப் புதுச்சேரியில் வெளிவந்த 'இந்தியா' இதழை நடத்திய மண்டயம் திருமலாச்சாரியாரும், பாரதியாருக்குத் துணைநின்ற மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் இம்மரபினரே. அயல்நாடுகளில் புரட்சிப் பணியாற்றிய எம்.பி.டி. ஆச்சாரியாவின் பெயரிலுள்ள முதலெழுத்தும் மண்டயத்தையே குறிக்கும். தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய ஜெ. ஜெயலலிதா 1948இல் மேலுகோட்டையில் பிறந்தவர்.

இம்மரபு தமிழுக்கு மட்டும் பயன்படவில்லை. மேலுகோட்டையில் 1905இல் பிறந்து, வீட்டுமொழியாகத் தமிழைக் கொண்டு வளர்ந்த பு.தி. நரசிம்மாச்சார் புதுக்கன்னடக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவரானார். 'மைசூரு மல்லிகெ' என்னும் கவிதைத் தொகுதியால் கன்னட மக்கள் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்ற கே.எஸ். நரசிம்மசுவாமி கிருஷ்ணராஜபேட்டை வட்டத்துக் கிக்கேரியில் பிறந்தவர். புதுக்கன்னட இலக்கியத்துக்கு வழிவகுத்த பி.எம். ஸ்ரீகண்டய்யாவின் முன்னோர் ஊர் நாகமங்கல வட்டத்துப் பெள்ளூர் ஆகும். ஒரே மாவட்டத்தில் பிறந்த கவிஞருள் ஒருவர் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்து கன்னடத்தை வளப்படுத்தியமை, வீட்டுமொழியும் இலக்கியமொழியும் வேறுபட்டு நின்றும் முரணாத நிலையைக் காட்டுகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம்

1610இல் ராஜ உடையார் விசயநகரப் பிரதிநிதியிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றித் தலைநகராக்கினார். 1799 வரை இவ்வாற்றிடைக்குறையே மைசூர் அரசின் தலைநகராக விளங்கியது. சிக்கதேவராஜ உடையார் (1673-1704) காலத்தில் சிக்குபாத்தியாயர் ஆழ்வார்களின் வரலாற்றைத் 'திவ்யசூரிசரிதெ' எனக் கன்னடத்தில் பாடினார். கொங்குநாட்டின் பெரும்பகுதி பதினேழாம் நூற்றாண்டு முதல் மைசூர் ஆட்சிக்குட்பட்டிருந்ததால், சேலம், கோவைப் பகுதிகளின் வரிப்பணம் இந்நகரை நோக்கிச் சென்றது.

ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் காலத்தில் இந்நகர் தென்னிந்திய அரசியலின் நடுவிடமாயிற்று. 1792இல் இங்கு நிகழ்ந்த உடன்படிக்கையால் பாரமகாலும் திண்டுக்கலும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு உரியவாயின. அலெக்சாண்டர் ரீடும் அவர்கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் பாரமகாலில் மேற்கொண்ட நிலஅளவையும் வரிவிதிப்புமே பின்னர் இரயத்துவாரி முறையாக வளர்ந்தன. எனவே தமிழக நிலவரி வரலாற்றின் ஒரு முதன்மையான இயல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையிலிருந்து தொடங்குகிறது. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்து திப்பு மடிந்தபின் தலைநகர் மைசூருக்கு மாற்றப்பட்டது.

கண்ணம்பாடி அணையும் கால்வாயும்

காவிரியில் அணைகட்டி நீர்திருப்பும் தொழில் இப்பகுதிக்குப் புதிதன்று. சிக்கதேவராயர் பெயரால் வழங்கும் கால்வாயும் விரிஜாநதிக் கால்வாயும் பழைய அணைக்கட்டுகளிலிருந்து பிரிந்து நெல்வயல்களுக்கு நீரூட்டி வந்தவை. கண்ணம்பாடியில் பேரணை ஒன்று கட்டும் எண்ணம் திப்புவுக்கு இருந்ததை, அணைப்பணியின்போது கிடைத்த 1797ஆம் ஆண்டைச் சார்ந்த பாரசீகக் கல்வெட்டு உணர்த்துகிறது.

1902இல் சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைந்தது. அங்குப் பிறந்த மின்னாற்றல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழகத்து வடமாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள். கோடையில் ஆற்றுநீர் குறைந்து மின்னாக்கம் தடைப்படாதிருக்க நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. அத்தேவையும் பாசனத் தேவையும் சேர்ந்தே, மோ. விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1911இல் கிருஷ்ணராஜசாகர் அணைப்பணி தொடங்கக் காரணமாயின. பணி 1930களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. இதன் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. ஆகும். பழைய கண்ணம்பாடி ஊர் நீரில் மூழ்கியது.

அணையினும் இம்மாவட்டத்தை மாற்றியது கால்வாயே எனலாம். ஹுளிகெரெ மேட்டை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தால் ஊடறுத்துச் செல்லும் இர்வின் கால்வாய், பின்னர் விசுவேசுவரய்யா கால்வாய் எனப் பெயர் பெற்றது. கேழ்வரகு விளைந்த மேட்டுநிலம் கரும்பும் நெல்லும் விளையும் நிலமாயிற்று. 1933இல் மண்டியாவில் மைசூர்ச் சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது. கால்வாய் வந்து சில ஆண்டுகளுக்குள் 1939இல் தனி மாவட்டம் அமைந்ததைக் கொண்டு, மண்டியா மாவட்டம் கால்வாய் ஈன்ற மாவட்டம் என்று கூறுதல் மிகையாகாது. 1938இல் மத்தூருக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் நிகழ்ந்த கொடிப் போராட்டம், இவ்வுழவர் சமுதாயம் அரசியல் விழிப்பெய்தியதற்குச் சான்றாகும்.

இதே காலத்தில்தான் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னை அரசும் மைசூர் அரசும் உடன்படிக்கைகள் செய்துகொண்டன. இரண்டாவது உடன்படிக்கையின்படி இரு பகுதிகளிலும் புதிதாகப் பாசனம் பெறும் நிலப்பரப்புக்கு வரையறை விதிக்கப்பட்டது. 1934இல் மேட்டூர் அணை முடிவுற்றது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007இல் வெளியாயிற்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தித் தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. எனவும் கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. எனவும் பங்கீட்டை வகுத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் மண்டியாவின் கால்வாய்க்கடை உழவர் படும் இன்னலும் காவிரிப் படுகையின் கடைமடை உழவர் படும் இன்னலும் ஒருதன்மையன. இருதிறத்தாரும் ஆற்றுநீரைக் கொண்டு நெல் விளைத்து வாழ்வோர். தம் வயலுக்குமேல் பெய்யும் மழையால் வாழ்வோரல்லர். அணைக்கு மேலே குடகிலும் மேற்குமலையிலும் பெய்யும் மழையே இருவர்க்கும் பொதுவான ஆதாரம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மண்டியா மாவட்டம் 1939இல் தோன்றிய ஆட்சிப்பிரிவேயாயினும், அதன் நிலப்பரப்பு பத்தாம் நூற்றாண்டு முதல் தமிழக அரசியலோடும் சமயத்தோடும் நெருங்கிய தொடர்புடையதாக இருந்துள்ளது. தக்கோலப் போர், சோழரின் மேலைப் படையெடுப்பு, அதியமான் வீழ்ச்சி ஆகியவற்றுக்குரிய சான்றுகளை இம்மாவட்டக் கன்னடக் கல்வெட்டுகள் தருகின்றன. ஹொய்சள நரசிம்மனின் சோழநாட்டுச் செயலுக்குரிய சான்றைத் தமிழ்க் கல்வெட்டு தருகிறது. தொண்டனூரில் தமிழும், பலமுரியில் சோழர் பெயரால் கன்னடமும் பொறிக்கப்பட்டமை, ஆட்சியெல்லையும் மொழியெல்லையும் ஒன்றாக இராத காலத்தைக் காட்டுகிறது.

தமிழகப் பல்கலைக்கழகங்களில் கல்வெட்டியல் பயிலும் மாணவர்க்குப் பழங்கன்னடப் பயிற்சியும், கர்நாடகத்தில் பயில்வோர்க்குத் தமிழ்க் கல்வெட்டுப் பயிற்சியும் அளித்தல் இவ்வாய்வு மேற்செல்ல இன்றியமையாதது. தொண்டனூர்த் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழிநடையும், மண்டயம் தமிழ்வழக்கும் தனித்தனியே விரிவான ஆய்வுக்கு உரியன. பூதுகன்மீது ஏற்றப்பட்ட வஞ்சகப் பழியை ஒரு தொடரின் சரியான பொருள் நீக்கியது. அண்டைமொழியின் சொல்லைச் சரியாக அறிதல், அண்டை நாட்டாரைச் சரியாக அறிதற்கு முதற்படி என்பதை ஆதகூர்க் கல்வெட்டு இன்றும் உணர்த்தி நிற்கிறது.